ஒரு நாள் முந்திய வாழ்த்து

அத்தியாயம் பதினொன்று

லூர்ஸ் அம்மாள் இறந்த மூன்றாம் நாள், வியாழக்கிழமை காலை, ஒன்பது மணிக்குள் நான்கு பேர் எங்கள் சலூனுக்குப் போன் செய்து வரவில்லை என்றார்கள். நான்கு பேரும் காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை நடந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். படிக்காமல் விட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் மகன் டோர்பென் எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் பதினொரு பேருக்கு இணையத்தில் விளம்பரம் பார்த்துக் கொடுத்துவந்தான். ஊரில் யாருக்குப் பிறந்த நாளோ, அன்று காலை ஒன்பது மணிக்கு அவர் கைப்பேசிக்கு ஒரு வாழ்த்து தானாகவே போகும். கீழே பதினொரு கடைகளின் பெயரும் இருக்கும். அப்படி ஓர் ஏற்பாடு. முதல் வாழ்த்து திங்கட்கிழமை போனது, கறிக்கடை லூர்ஸின் தாயாருக்கு. அவருக்கு எண்பத்தைந்து முடிவதோ செவ்வாய்க்கிழமை.

எங்கள் பக்கத்தில் பிறந்த நாளை முந்திக்கொண்டு யாரும் வாழ்த்துவதில்லை. வாழ்த்தினால் அந்த நாள் வராது என்பார்கள். முதல் நாளே விருந்துக்குக் கூடினாலும் நடு இரவு மணி அடிக்கும்வரை கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். லூர்ஸ் அம்மாள் திங்கட்கிழமை இரவு, மணி அடிக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, தூக்கத்திலேயே போய்விட்டார்.

இதையெல்லாம் நம்புகிறவர் ஊரில் ஒருவரும் இல்லை. யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

"எனக்கு இந்த மூடநம்பிக்கையெல்லாம் கிடையாது, ஆல்முட்," என்றாள் பேங்கே. அன்று வந்த ஒரே வாடிக்கையாளர் அவள்தான். தலை நிறையச் சுருள்களோடு கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். "ஆனா அந்த லிஸ்டுலேர்ந்து என் பேரை மட்டும் எடுத்துரச் சொல்லு உன் பையன்கிட்ட."

"உனக்கு நவம்பர்லதானே?" என்றேன்.

"நவம்பர்லதான்."

"இன்னும் ஏழு மாசம் இருக்கே பேங்கே," என்றாள் என் மகள் ஸில்கே, சுருளை இறுக்கியபடி. என் கணவர் இறந்த பிறகு சலூன் அவள் பொறுப்பு.

"அதான் சொல்றேன். அந்த ஏழு மாசமும் எனக்கு வேணும்."

ஸில்கே சிரித்துவிட்டாள். பேங்கேவுக்கு அது போதுமாக இருந்தது. "ஹைனோ கதை தெரியுமா? அவனுக்கும் திங்கக்கிழமையே வந்திருச்சாம். கூரை மேல ஓடு மாத்திக்கிட்டிருந்தவன் செய்தியப் பாத்ததும் ஏணியில இறங்கி நேரா வீட்டுக்குப் போயிட்டான். பன்னண்டு அடிக்கற வரைக்கும் சோபாவ விட்டு எந்திரிக்கவே இல்லையாம். ஒண்ணுக்குப் போகக்கூட பொண்டாட்டி கையப் பிடிச்சுக்கிட்டுப் போனானாம்."

"நல்லாத்தானே இருக்கான் இப்ப?"

"சோபாவுல இருந்தான், அதனால நல்லாருக்கான்."

அவள் போன பிறகு ஸில்கே சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். வரைபடத்தில் எங்கள் சலூனைத் தேடினால் கீழே வாடிக்கையாளர்கள் எழுதுவது வரும். புதிதாக ஒருவர் எழுதியிருந்தார்: 'முடியை அளவாகத்தான் வெட்டுவார்கள். ஆயுளைத்தான் ஒட்ட வெட்டிவிடுவார்கள்.' ஒரு நட்சத்திரம். முப்பத்தொரு பேருக்கு அது பிடித்திருந்தது.

"இது யாருன்னு தெரியுமாம்மா? மருந்துக்கடைக்காரரோட மருமக. போன மாசம்தான் இலவசமா முடி வெட்டி விட்டேன், அவ கல்யாணத்துக்கு."

"டோர்பென் பாத்தானா?"

"அவன்தான் மொதல்ல பாத்திருப்பான். இதையெல்லாம் பாக்கறதுதானே அவன் வேலை."

அன்று மாலை ஐந்து மணிக்கு விடுதியின் பின்னறையில் கடைக்காரர் சங்கம் கூடுவதாக இருந்தது. டோர்பென் இருக்கலாமா, போகலாமா என்று முடிவு செய்ய. சங்கத் தலைவர் கறிக்கடை லூர்ஸேதான்.

சங்கம் தரும் சம்பளம் பெரிதல்ல. போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகைதான். நான் பயந்தது வேறு ஒன்றுக்கு.

என் கணவர் எக்ஹார்ட் அதற்கு முந்திய வருடம் மே மாதம் இறந்தார். நவம்பரில் டோர்பென் ஹானோவரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து, சலூனுக்கு மேலே உள்ள அறையில் படுத்தான். ஆறு வாரம் எழுந்திருக்கவில்லை. ஜன்னல் மறைப்பை ஏற்ற விடமாட்டான். இருபத்தெட்டு வயதுப் பையனுக்கு நான் தலைமாட்டில் உட்கார்ந்து ஸ்பூனால் ஊட்டினேன். வைத்தியர் வந்தார், மாத்திரை கொடுத்தார், போனார்.

கடைசியில் அவனை எழுப்பியவள் செருப்புக்கடை ஓர்ட்ரூட். படியேறி வந்து, கதவைத் தட்டாமல் உள்ளே போய், "டேய், உன் செல்லுல பாரு, என் கடை சனிக்கிழமை லீவுன்னு போட்டிருக்கு. இருவது வருஷமா சனிக்கிழமை தெறந்துதான் வெச்சிருக்கேன். எவன்டா மூடினான்?" என்று கத்தினாள். அவன் படுத்துக்கொண்டே அதைச் சரி செய்தான். மறுநாள் உட்கார்ந்துகொண்டு அவள் கடைக்குப் புதுப் படங்கள் போட்டான். அந்த வாரக் கடைசியில் சவரம் செய்துகொண்டான்.

அப்புறம் லூர்ஸின் கறிக்கடை. மதியம் என்ன சமையல் என்று காலை ஒன்பது மணிக்குப் படத்தோடு போடுவான். பட்டாணி சூப் என்று போட்ட நாட்களில் நெடுஞ்சாலைப் பக்கத்துப் பெரிய அங்காடிக்குப் போகிறவர்கள்கூட வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். மூன்று மாதத்தில் பதினொரு கடை. சாப்பாட்டு மேசையில் அவன் குரல் மறுபடியும் கேட்டது.

சங்கம் இன்று அவனை அனுப்பிவிட்டால் அவன் அந்தக் கட்டிலுக்குத்தான் திரும்புவான். இரண்டாம் தடவை யாரும் எழுப்ப முடியாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. அதுதான் என் பயம்.

மதியம் உருளைக்கிழங்கு சூப்பை எடுத்துக்கொண்டு மேலே போனேன். இரண்டு திரைகளுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். நேற்றுப் போட்ட சட்டைதான்.

"சாப்பிடுப்பா."

"வெய்யிம்மா."

"ஆறிடும்."

"நாப்பது தடவைக்கு மேல ஓட்டிப் பாத்துட்டேன்." திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "என் லிஸ்டுல லூர்ஸ் பாட்டி தேதி பதிமூணுன்னு இருக்கு. கணினியில ஏத்தும்போது ஒரு நாள் கொறைஞ்சு நகர்ந்திருக்கணும். இது எல்லாருக்கும் தெரிஞ்ச கோளாறுதான். ஆனா திரும்பத் திரும்ப ஏத்திப் பாக்கறேன், நகரவே மாட்டேங்குது. ஒரு தடவைகூட."

"அப்ப உன் மேல தப்பு இல்லைன்னுதானே அர்த்தம்?"

"எப்படிம்மா? அப்பா நோட்டுல பதினாலுன்னு இருக்கு. என்கிட்ட பதிமூணுன்னு இருக்கு. நீ டைப் பண்ணதுல தப்பு இருந்தா பாட்டிக்கும் ஹைனோவுக்கும் ஒரே மாதிரி தப்பியிருக்காது, மிச்சம் நான் மட்டும்தானே இருக்கேன்." கண்களைத் தேய்த்துக்கொண்டான். "என்னத்தையோ பண்ணியிருக்கேன். பண்ணது ஞாபகமே இல்ல. நவம்பர்லயும் இப்படித்தானே ஆரம்பிச்சுது? கேஸை மூடினேனான்னு ஞாபகம் இருக்காது, கதவைப் பூட்டினேனான்னு ஞாபகம் இருக்காது."

நான் சூப் கிண்ணத்தை அவன் கைக்கருகே நகர்த்தி வைத்தேன்.

எனக்கு உண்மை தெரியும். செவ்வாய்க்கிழமையிலிருந்தே தெரியும்.

எக்ஹார்ட் ஒரு தடித்த நோட்டு வைத்திருந்தார். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். ஊரில் பாதிப் பேருடைய பிறந்த நாள் அதில் இருந்தது. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் கையால் ஒரு வாழ்த்து அட்டை எழுதி, பிறந்த நாளன்று காலை சைக்கிளில் போய்க் கொடுத்துவிட்டு வருவார். முப்பது வருடம். டோர்பென் இந்த ஏற்பாட்டைத் தொடங்கியபோது கடை கடையாகப் போய் இருநூற்றுப் பதினான்கு பேரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கினான். பிறந்த தேதியை மட்டும் கேட்கவில்லை. "வயசானவங்ககிட்ட அதை எப்படிம்மா கேக்கறது? அப்பா நோட்டுல இருக்கே. நீ பாத்து டைப் பண்ணிக் குடு," என்றான். அப்பாவின் கையெழுத்தைப் பார்க்கும் தெம்பு அவனுக்கு இல்லை.

பிப்ரவரியில் ஒரு வாரம் உட்கார்ந்து டைப் செய்தேன். நானும் அந்த எழுத்தை எழுத்தாகத்தான் பார்த்தேன். அவருடைய 'ஹ'வின் வளைவு, அழுத்திப் போட்ட புள்ளி. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கம்.

செவ்வாய்க்கிழமை ஊரே கொதித்தபோது, "நோட்டுல லூர்ஸ் பாட்டி பேரு எந்தப் பக்கத்துல இருக்குன்னு பாரும்மா," என்று டோர்பென் என்னைக் கேட்டான். கீழே போய் எடுத்துப் பார்த்தேன். ஏப்ரல் பதிமூன்று. என் பெயரைத் தேடினேன். என் பிறந்த நாளுக்கு முந்திய நாள் பக்கத்தில் இருந்தேன். ஸில்கேவும் அப்படி. டோர்பெனும் அப்படி.

அவர் அட்டையை முதல் நாள் மாலை எழுதுவார். எழுத வேண்டிய நாளின் பக்கத்தில்தான் பெயரைக் குறித்து வைப்பார். முப்பது வருடம் அவர் எதிரில் உட்கார்ந்து அந்த அட்டைகளுக்கு உறை ஒட்டியவள் நான். எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். டைப் செய்த அந்த ஒரு வாரம் மட்டும் அது என் தலையில் இல்லை.

படியேறி வந்து அவனிடம் சொல்வதற்காகத்தான் வாயைத் திறந்தேன். "பதினாலுன்னுதான் போட்டிருக்கு," என்று வந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருடம் கழித்தும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒரு மணி நேரத்தில் சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன். அப்புறம் மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அந்த வியாழக்கிழமையும் அவன் மேசையருகே நின்று, சூப்பில் ஆடை படிவதைப் பார்த்துவிட்டு, கீழே இறங்கி வந்தேன். நாலரைக்குக் கிளம்பும்போது நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

விடுதியின் பின்னறையில் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். எப்போதும் சத்தமாக இருக்கும் இடம். அன்று மினரல் தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. லூர்ஸ் கறுப்புக் கோட்டில் மேசையின் தலைப்பக்க நாற்காலியில் இருந்தார். ரொட்டிக்கடைக்காரர் அவரிடம் குனிந்து, சனிக்கிழமை அடக்கத்துக்கு வருகிறவர்களுக்கு வெண்ணெய்க் கேக் எத்தனை தட்டு வேண்டும் என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

டோர்பென் கதவோரத்தில் உட்கார்ந்தான். சட்டை மாற்றியிருந்தான். நான் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

லூர்ஸ் ஒரு தாளை மேசையில் வைத்தார். "இதைப் பாருங்க. அனுப்பறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கடைக்கும் மாதிரி குடுத்தான்ல, அது. அன்புள்ள பெரியம்மா, இனிய பிறந்த நாள் வாழ்த்துகள், உங்கள் டோர்பென். கீழ நம்ம கடைங்க. நாலாவதா நான், என் சாஸேஜ் படத்தோட." விரலை நகர்த்தினார். "இது என் கையெழுத்து. சரி, அனுப்புன்னு போட்டுக் குடுத்திருக்கேன்."

லூர்ஸ் தாளைக் குப்புறத் திருப்பி வைத்தார்.

"திங்கக்கிழமை மத்தியானம் அம்மா கடைக்குப் போன் பண்ணாங்க. டீட்டர், நீங்க எல்லாம் ரொம்ப அவசரப்பட்டுட்டீங்கடான்னாங்க. கூட்டமா இருக்கும்மா, அப்புறம் பேசறேன்னு வெச்சுட்டேன். அப்புறம் பேசல."

"டீட்டர்," என்றாள் ஓர்ட்ரூட். "அவங்களுக்கு எண்பத்தஞ்சு வயசு. போன குளிர்காலத்தையே தாண்ட மாட்டாங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு."

"எண்பத்தஞ்சு இல்ல, எண்பத்துநாலு," என்றார் லூர்ஸ்.

ஓர்ட்ரூட் தலை குனிந்துகொண்டாள்.

டோர்பென் எழுந்தான். எழுதி வைத்திருந்த தாளை எடுத்தான், விரிக்கவில்லை. "தப்பு என்னோடது. எப்படி ஆச்சுன்னு எனக்கே தெரியல. நோட்டுல தேதி சரியா இருக்கு. நான்தான் எங்கயோ..."

"நோட்டுல சரியா இல்லை," என்றேன்.

எழுந்து நின்றுவிட்டேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது. நோட்டைக் கொண்டுபோய் லூர்ஸ் முன்னால் விரித்து வைத்தேன். ஏப்ரல் பதிமூன்று. எக்ஹார்ட் ஒரு நாள் முன்னால் குறித்து வைத்த பழக்கத்தைச் சொன்னேன். அதைத் தெரிந்தும் கவனிக்காமல் டைப் செய்தது நான்தான் என்று சொன்னேன். அவன் மேல் எதுவும் இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன்.

லூர்ஸ் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். அவர் அம்மாவின் பெயர்மேல் ஒரு விரலை வைத்தார்.

"எக்ஹார்ட் முப்பது வருஷம் எங்க வீட்டுக்கு அட்டை கொண்டு வந்தான். மழையில கொண்டு வந்திருக்கான், பனியில கொண்டு வந்திருக்கான். ஒரு தடவை நாள் தப்பினது இல்ல. இப்ப பையனைக் காப்பாத்தறதுக்கு அவனை எழுப்பிக் கூட்டிட்டு வர்றியா ஆல்முட்?"

"அவர் தப்புப் பண்ணல. நான்தான் பண்ணேன்னு சொல்றேன்."

"எந்த அம்மாவா இருந்தாலும் இதைத்தான் சொல்லுவா." கோபமாகச் சொல்லவில்லை. சோர்ந்துபோய்ச் சொன்னார். "என் அம்மா இருந்தா எனக்காக அவங்களும் சொல்லியிருப்பாங்க."

நான் திரும்பி டோர்பெனைப் பார்த்தேன். அவன் லூர்ஸைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மேசை மேல் விரிந்திருந்த பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கையைத் தூக்கச் சொன்னார்கள். அவன் இருக்கட்டும் என்று ஓர்ட்ரூட்டும் ரொட்டிக்கடைக்காரரும் தூக்கினார்கள். மற்றவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவுதான்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. இன்னும் வெளிச்சம் இருந்தது. வண்டிகள் நிறுத்தும் இடத்தில் டோர்பென் எனக்காக நின்றான்.

"செவ்வாக்கிழமை நோட்டைப் பாத்தியே."

"பாத்தேன்."

"பதினாலுன்னு சொன்னியே."

நான் தலையாட்டினேன்.

"தப்பா டைப் பண்ணதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நானா இருந்தாலும் அப்பா எழுத்தப் பாத்துக்கிட்டு அப்படித்தான் பண்ணியிருப்பேன்." குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன். "ரெண்டு நாள். எனக்குத் திரும்ப மூளை கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு நாள் உக்காந்திருந்தேன். அதை உன்கிட்டயே சொன்னேன். நீ சூப்பைக் கொண்டு வந்து வெச்சே."

"டோர்பென்..."

"எங்க போனாலும் சொல்றதை நம்பலாம்னு ஒரு ஆள் இருந்தா அது நீதான்னு இருந்தேன்."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தான். பதினொரு கடைகளின் கணக்குகளும் கடவுச்சொற்களும் வரிசையாக எழுதியிருந்தன. "ஸில்கேகிட்ட குடு. நாளைக்குக் காலைல லூர்ஸ் கடைக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பதிலா யாராவது அறிவிப்புப் போடணும். துக்கத்துக்குக் கடை மூடியிருக்குன்னு போடணும். இல்லேன்னா ஜனங்க வந்து நிப்பாங்க."

கணினிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயில் நிலையத்துப் பக்கம் நடந்தான். நான் கூப்பிட்டேன். பின்னால் ஓடினேன். அறுபத்துமூன்று வயதில் எவ்வளவு தூரம் ஓட முடியும்? தண்டவாளத் தடுப்பு இறங்கியிருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் இருந்தான்.

சலூனுக்குத் திரும்பி வந்தபோது ஸில்கே கடையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, என்னை ஒன்றும் சொல்லாமல் தாளை வாங்கிக்கொண்டு போய்க் கணினியைத் திறந்தாள். அவனைக் கூப்பிட்டுப் பார்த்தாள். கைப்பேசி அணைந்திருந்தது.

"வாழ்த்து அனுப்பின கணக்கை அவன் திங்கக்கிழமை மத்தியானத்திலேர்ந்து தெறக்கவே இல்லம்மா," என்றாள். "ஜனங்க திட்டி அனுப்பினது நூத்துக்கு மேல படிக்காம கெடக்கு. கடைசி வரைக்கும் போய்..." அவள் நிறுத்தினாள்.

"என்ன?"

"அம்மா. அடியில ஒண்ணு இருக்கு. லூர்ஸ் பாட்டி நம்பர்லேர்ந்து."

"அவங்களுக்குப் போன வாழ்த்தா?"

"இல்ல. அவங்க திருப்பி அனுப்பினது. திங்கக்கிழமை சாயங்காலம் ஏழு பத்துக்கு. குரல் செய்தி. நாப்பத்தாறு நொடி." அவள் விரல் அம்புக்குறி மேல் நின்றது. "போடட்டுமா?"

அதில் என்ன இருந்தாலும் இருக்கலாம். அந்த அம்மாள் சிரித்திருக்கலாம், அவசரக்காரப் பயலே என்று செல்லமாகத் திட்டியிருக்கலாம். பயந்து அழுதிருக்கவும் கூடும். அப்படியானால் அவனிடம் மிச்சம் இருப்பதையும் அது எடுத்துக்கொண்டு போய்விடும். முதலில் நாம் கேட்போம், நல்லதாக இருந்தால் கொடுப்போம் என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"தொடாதே," என்றேன். "அது அவனுக்கு வந்தது. அப்படியே அவனுக்கு அனுப்பு."

"கெட்டதா இருந்தா?"

"கெட்டதா இருந்தாலும்."

ஸில்கே அனுப்பினாள். இரண்டு பேரும் முடி கழுவும் நாற்காலிகளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். செய்திக்கு அடியில் ஒரு டிக் விழுந்தது; அவனுக்குப் போய்ச் சேர்ந்தால் இரண்டாவது விழும். எட்டு மணிக்கு ஓர்ட்ரூட் கதவைத் தட்டி, "பையன் எங்க?" என்று கேட்டபோதும் ஒரு டிக்தான் இருந்தது.